ஏரிக்கரைப் பாதையின் மூன்று வருஷப் படிப்பு

சேரப்பணஞ்சேரியில் ரப்பர் கம்பெனிக்காரர்கள் தாங்கள் வாங்கிய நிலத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிய மறுநாள் காலை, ஏரிக்கரைக்குப் போகும் பாதை தரையை விட்டு எழுந்து வந்து முனியம்மாள் வீட்டு வாசலில் சுருண்டு படுத்துக்கொண்டது. 2022 தை மாதம், செவ்வாய்க்கிழமை. ஆறடி அகலம், முக்கால் கிலோமீட்டர் நீளம். நெருஞ்சி, காய்ந்த சாணி, கால் தடங்கள், ஓரத்து வேலிக்காத்தான் எல்லாம் சிந்தாமல் சிதறாமல் அப்படியே இருந்தன. ஊரில் பாதிப் பேர் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டதால் வேடிக்கை பார்க்கப் பெரிய கூட்டம் சேரவில்லை. தண்ணீர் பிடிக்க வந்த முனியம்மாள்தான் முதலில் பார்த்தாள். "இன்னாடி இது, பாய் மாதிரி சுருட்டிக்கினு கீது?" என்று மகளைக் கூப்பிட்டவள், கிட்டப் போனதும் குடத்தை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "உங்கப்பன தூக்கிக்கினு போன வழிடி."

அவள் சொன்னது சரிதான். மூன்று மாதத்துக்கு முன்பு பாண்டுரங்கனை அந்த வழியாகத்தான் ஏரிக்கரை மயானத்துக்குத் தூக்கிப் போனார்கள். அன்று இறைத்த பொரி இன்னும் அதில் கிடந்தது. கடைசியாகச் சுமந்தது அவர் பாடையை என்பதால் பாதை அந்த வீட்டைத் தேடி வந்திருக்கும் என்று ஊர் முடிவு செய்தது. அமாவாசை தவறாமல் புருஷன் சமாதியில் விளக்கு வைத்து வந்த முனியம்மாள், இனிமேல் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நாலரை கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போக வேண்டும். முழங்கால் வீங்கிய பொம்பளைக்கு அது நடக்கிற காரியமா? முதல் அமாவாசைக்குப் பாதி தூரம் போய், சர்வீஸ் ரோட்டில் விளக்கை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அதைப் பார்த்த மகள் கலைமதிக்குப் பொறுக்கவில்லை. இருபத்துநாலு வயது, பி.காம்., செல்போன் கம்பெனி லைனில் வேலை. ரப்பர் கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சண்டை போட்டாள். செக்யூரிட்டி சூப்பர்வைசர் இசக்கிதுரை, திருநெல்வேலிப் பக்கத்து ஆள், நாற்காலி கொடுத்து உட்கார வைத்து, "எங்கிட்ட கேட்டா நான் என்னம்மா செய்யட்டும்? சொவரு வச்சது நானா?" என்று வருத்தப்பட்டார். வக்கீல்களிடம் போனாள். ஒருவர் முடியும் என்றார், ஒருவர் முடியாது என்றார், மூன்றாமவர் தீபாவளி கழித்து வரச் சொன்னார். "இவங்கள நம்பினா ஆவாது. நானே படிச்சிக்கிறேன்" என்று வேலையை விட்டு, தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் மூன்று வருஷச் சட்டப் படிப்பில் சேர்ந்தாள். முதல் நாள் வாசலைத் தாண்டியதும் பாதையும் எழுந்து பின்னாலேயே போனது.

ஒரகடத்தில் ஒரு பஸ், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பஸ். "பொம்பளைங்களுக்கு ஃப்ரீ, இதுக்கு இன்னான்னு டிப்போல கேட்டுச் சொல்றேன்" என்ற கண்டக்டர் பலராமன் கடைசிவரை கேட்கவே இல்லை. கல்லூரியில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் பாதை சுருண்டு கிடக்கும். முதல் வருஷம் ஒப்பந்தச் சட்டம் நடந்தது. எல்லா வாக்குறுதியும் ஒப்பந்தம் ஆகாது என்று கேட்டதும் அதன் மேல் லேசாகத் தூசி பறந்தது. தீங்கியல், அரசியல் சாசனம், குடும்பச் சட்டம் எல்லாவற்றையும் கேட்டது. கொலைக்கு முன்னூற்றிரண்டு என்று உருப்போட்ட வகுப்பு, சட்டப் புத்தகம் மாறி நூற்றிமூன்று என்று மறுபடி உருப்போட்டபோதும் கூடவே இருந்தது. மாதிரி நீதிமன்றப் போட்டியில் கலைமதி நாக்கு ஒட்டிக்கொண்டு இரண்டாம் சுற்றில் தோற்றாள். வருகைப் பதிவில் அவளுக்கு எழுபத்தெட்டு சதவீதம். பாதை ஒரு நாளும் லீவு போடவில்லை.

மூன்றாம் செமஸ்டரில் சொத்துச் சட்டம் வந்தது. ஈஸ்மெண்ட், அதாவது நம் பத்திரங்களில் நடை பாத்தியம் என்று எழுதுவார்களே, அதை ராஜாமணி மேடம் நடத்தினார். அடுத்தவர் நிலத்தில் இருபது வருஷம், பகிரங்கமாக, தடையில்லாமல், உரிமையோடு நடந்திருந்தால் அந்த வழி உன்னுடையது. தடுத்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கலைமதி விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது. மாணவி வக்கீலாக நிற்க முடியாது. தன் வழக்கைத் தானே நடத்த யாருக்கும் தடையில்லை. பதினாறாம் நாள், தானே எழுதிய மனுவை முன்சீப் கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டுத்தான் சாப்பிட்டாள்.

வழக்கைக் கவிழ்க்கப் பார்த்தது எதிராளி அல்ல, முனியம்மாள்தான். சாட்சிக் கூண்டில் ஏறியவளிடம் கம்பெனி வக்கீல் இளம்பரிதி நயமாகக் கேட்டார்: "அந்த நிலத்து வழியா போறதுக்கு முந்தின ஓனர்கிட்ட உத்தரவு கேட்டுத்தானேம்மா போவீங்க?" முனியம்மாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கேக்காம பூடுவமா? மருவாதி கெட்டவங்களா நாங்க? ஆடி மாசம் ஆத்தா கரகம் எடுத்துக்கினு வந்தா வரப்புல நின்னு, தட்டுல வெத்தல பாக்கு வச்சி, போலாமா சாமின்னு கேட்டுட்டுத்தான் கால் வெப்போம். வருசா வருசம்!" வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். உத்தரவு வாங்கி நடந்தால் அது உரிமை இல்லை, தயவு. எத்தனை வருஷம் நடந்தாலும் பாத்தியம் வராது. கோர்ட் வளாகத்தில் வேப்ப மரத்தடியில் கிடந்த பாதை அன்றைக்கே ஒரு சாண் குறுகிப்போனது. நல்லது சொன்னதாக நினைத்து இறங்கி வந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, கலைமதி மோர் வாங்கிக் கொடுத்தாள். மறுநாளே, நேரில் அளந்து அறிக்கை தரும் கோர்ட் ஆணையரை வைத்துப் பாதையை ஆய்வு செய்யக் கோரி மனுப் போட்டாள்.

ஆணையராக வந்த வக்கீல் கிருஷ்ணா டேப்புடன் உட்கார்ந்தார். பாதை தானாகவே கோர்ட் கேட்டிலிருந்து கடைத்தெரு தாண்டி விரிந்து கொடுத்தது. போக்குவரத்து அரை மணி நேரம் நின்றது. பழைய வரப்பு இருந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் சொட்டிய கால்கள் காத்து நின்ற ஆழமான தடங்கள் இருந்தன. இருபத்தாறு வருஷத்துக்கு இருபத்தாறு. மற்றபடி ஸ்கூல் செருப்பு, எருமைக் குளம்பு, சைக்கிள் டயர், பாடை தூக்கிய நாலு ஜோடிக் கால், எதுவும் அந்த வரப்பில் நிற்கவே இல்லை. கிருஷ்ணா எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டார்.

நிலத்தைக் கம்பெனிக்கு விற்ற ஸ்ரீபெரும்புதூர் பராங்குசம், கம்பெனித் தரப்புச் சாட்சி. கோயில் கைங்கரியக்காரர், பொய் வராது. குறுக்கு விசாரணையில் கலைமதிக்கு இந்த முறை நாக்கு ஒட்டவில்லை.

"சாமி, தட்டு வச்சு உத்தரவு கேட்டது யாருக்கு?"

"அம்மன் கரகத்துக்கு."

"மத்த நாள்ல நாங்க தண்ணிக்கு, மாட்டுக்கு, சாவுக்குன்னு போனப்போ?"

"யாரும் கேட்டதில்லே. நானும் தடுத்ததில்லே. உங்க வழி, நீங்க போறேள். அதுல எனக்கென்ன?"

"ஆத்தாவுக்குத்தான் கேட்டோம், அம்மா" என்று அவள் முன்சீப் அம்மா பக்கம் திரும்பினாள். "எங்களுக்கு ஒரு நாளும் கேக்கல."

இந்த விவரங்களில் நம்ப முடியாத விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: சிவில் வழக்கு பதினாலே மாதத்தில் முடிந்தது. ஆறடி வழி விடச் சொல்லித் தீர்ப்பானது. தீர்ப்பு வாசித்த அன்று பாதை கலைமதியோடு பஸ் ஏறவில்லை. முன்னால் நடந்து போய், சுவரைத் தன் அகலத்துக்கு மட்டும் விலக்கிவிட்டுப் பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. இசக்கிதுரை ரிஜிஸ்டரில் 'உள்ளே: பாதை, காலை 11.40' என்று எழுதினார். 'வெளியே' என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். அந்த அமாவாசைக்கு முனியம்மாள் புருஷன் தலைமாட்டில் விளக்கு வைத்து, "உம் பொண்ணு கெலிச்சிட்டாய்யா" என்று வாய்விட்டு அழுதாள். கலைமதி மே மாதம் கடைசிப் பரீட்சை எழுதித் தேறினாள்.

ஆடியில் கரகம் வந்தது. வழக்கப்படி சுவர் இடைவெளியில் நின்றார்கள், தட்டை நீட்டினார்கள், போலாமா என்று கேட்டார்கள். இசக்கிதுரை இரண்டடி பின்வாங்கினார்.

"தீர்ப்புதான் ஆயிட்டே, பொறவு எதுக்கும்மா எங்கிட்ட கேக்கிய?"

"இது ஆத்தா கேக்குறது, அண்ணா. போய்ட்டு வாங்கன்னு சொல்லுங்க" என்றாள் கலைமதி.

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார். கரகம் உள்ளே போனது. மறுநாள் காலை முனியம்மாள் எருமையை ஓட்டிக்கொண்டு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், அதே வழியாக ஏரிக்குப் போனாள்.