ஒருத்தர் போட்ட ஊசி

விடியும் முன்னே வாயாடியின் பிடரியில் வலி குடியேறிவிட்டது. நேற்றுத் தைத்த காலர்களையெல்லாம் கழுத்திலேயே தூக்கிச் சுமந்த மாதிரி. அவள் தையல் கூடத்துக்குள் நுழைந்ததும் பஞ்சுத் தூசியும் எண்ணெய் வாடையும் மூக்கை அடைத்தன. விளக்கு எரிந்தது; ஒரு மிஷினும் ஓடவில்லை. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னடி, எழவு வீடு மாதிரி இருக்கு?"

"நீதானே சொன்னே, ஒருத்தர் போட்ட ஊசியை இன்னொருத்தர் போடக் கூடாதுன்னு" என்றாள் பக்கத்து மிஷின் குள்ளச்சி. "எல்லா மிஷின்லயும் நைட் ஷிப்ட்காரிங்க போட்ட ஊசிதான். என்னுது ஒருத்தி விரல்ல ஏறின ஊசி. ரத்தம் காஞ்சு கிடக்கு. புதுசு கேட்டா, துடைச்சிட்டு ஓட்டுங்கடிங்கறான் சூப்பர்வைசர்."

வாயாடிக்குக் குழப்பம் எங்கே என்று புரிந்தது. சுகாதார நிலையத்தில் பயிற்சி எடுத்து வந்து, சாப்பாட்டு வேளையில் தன் வயசுப் பெண்களுக்கு எச்.ஐ.வி. பற்றிச் சொல்லி வருகிறாள். ஆணுறை, ரத்தப் பரிசோதனை, பிடிக்காவிட்டால் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை, எல்லாம். ஊசி என்று அவள் சொன்னது ஆஸ்பத்திரி ஊசியை. தையல்காரிக்கு ஊசி போடுவதென்றால் மிஷினில் மாட்டுவது!

முதலாளி வந்தார். "எவடி அவ? கல்யாணமாகாத பொண்ணுங்களுக்கு அசிங்கத்தைச் சொல்லித் தர்றவ?" அடுத்து அவர் வாயில் வந்த சொல்லைத் தெருச் சண்டையில்கூட மெதுவாகத்தான் சொல்வார்கள். "சொன்னதெல்லாம் பொய்யின்னு இவளுங்ககிட்ட சொல்லு. இல்லே, வெளியே போ."

"நான் சொன்னது ஆஸ்பத்திரி ஊசியை. மிஷின் ஊசில அது பரவறது ரொம்ப அபூர்வம்..."

"கேட்டீங்களாடி?"

"முழுசா கேளுங்க சார். ரத்தத்துல மஞ்சள் காமாலையும் பரவும். ரத்தம் பட்ட ஊசியை மாத்தத்தான் வேணும். நான் சொல்லித் தந்ததுல ஒண்ணும் பொய்யில்லே."

"அப்ப நட."

அவள் சோற்று டப்பாவை எடுத்தாள். குள்ளச்சியின் ஸ்டூல் கிறீச்சிட்டது.

"சார், எங்க அண்ணிக்கு அந்தக் கிருமி இருக்கு. ஒரே டம்ளர்ல குடிச்சா ஒட்டிக்கும்னு வாசல்லயே சோறு போட்டோம். இவ சொன்னப்புறம்தான் உள்ளே கூப்பிட்டு உட்கார வெச்சோம். இவ போனா நானும் போறேன்."

ஸ்டூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. இஸ்திரி மேசைப் பையன்களும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்கள். "எங்களுக்கும் பாடம் எடுங்கக்கா. எங்களுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?"

சிரிப்பு கூடத்தில் ஓடியது. முதலாளி அறைக்கதவை அறைந்து சாத்திக்கொண்டார். சூப்பர்வைசர் ஊசி டப்பாவை எடுப்பதா வேண்டாமா என்று நின்றான்.

வாயாடி சோற்று டப்பாவைக் கீழே வைத்தாள். மிஷின்கள் ஓடவில்லை. ஊசி வரலாம், வராமலும் போகலாம். வாயில் வந்த அந்தச் சொல்லுக்கு முதலாளி அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.