அலசல் தண்ணீர்

வெண்ணந்தூரை அடுத்த அந்தச் சிற்றூரில் சரவணமுத்துவின் சாயப்பட்டறைக்கு யாரும் வழி கேட்டுப் போனதில்லை. தெருமுனை திரும்பியதுமே மூங்கில்களில் வரிசையாகத் தொங்கும் நூல் சிட்டங்கள் கண்ணில் பட்டுவிடும். கருநீலம், செங்கல் சிவப்பு, கிளிப்பச்சை என்று அன்று காலையும் அவை ஈரம் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தன. சரவணமுத்து ஒரு சிட்டத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்து, சாயம் சீராக ஏறியிருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார். அவர் போட்ட சாயம் வெயிலில் வெளுக்காது என்று சேலம் கடைவீதி வரைக்கும் பேர் இருந்தது. சாயம் ஏற்றிய நூலைக் கடைசியில் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைக் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்து அலசுவார். அந்தப் பேருக்கு அதுதான் காரணம்.

அந்த நேரத்தில்தான் அங்கம்மாள் வந்தாள். வந்தவள் இடுப்பில் இருந்த கூடையை அவர் காலடியில் கவிழ்த்தாள். விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள் மண்ணில் சரிந்தன. ஒன்றில்கூட உயிர் இல்லை.

"பாத்துக்குங்க மொதலாளி. ஏரிக்கரை பூராவும் இப்பிடித்தான் ஒதுங்கிக் கெடக்குது."

புருஷன் போன பிறகு ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்துப் பிழைக்கிறவள் அவள். மேட்டூரிலிருந்து குஞ்சுகளைத் தகர டப்பாவில் கொண்டுவந்து, வழியெல்லாம் தண்ணீரைக் கையால் அலைத்து அலைத்துக் காற்றுக் கொடுத்து, மூச்சோடு ஏரியில் விட்டிருந்தாள். ஊருக்கே அது தெரியும்.

"அதுக்கு என்ற பட்டறைக்கு எதுக்கு வந்தே? வெயிலப் பாரு, இந்த எண்பத்திமூணாம் வருசம் அடிக்கிற மாதிரி எந்த வருசமும் அடிச்சதில்ல. ஏரியில முழங்கால் தண்ணி. சூடு தாங்காம செத்திருக்கும்."

"சூட்டுல செத்தா ஏரி பூரா ஒரே நாள்ல சாவோணுமுங்க. உங்க ஓடை வந்து விழுகற மூலையில இருந்துதானுங்க ஆரம்பிச்சுது."

சரவணமுத்துவுக்குச் சுருக்கென்றது. அவர் மற்றப் பட்டறைக்காரர்களைப் போல இல்லை. நிறத் தண்ணீரை ஓடையில் விடக்கூடாது என்று பட்டறைக்குப் பின்னால் பெரிய குழி வெட்டி அதில்தான் விட்டு வந்தார். ஓடைக்குப் போனது கடைசியாக அலசிய தண்ணீர் மட்டும். அங்கம்மாளை ஓடைக்கு இழுத்துக்கொண்டு போய், குனிந்து ரெண்டு கையாலும் அள்ளிக் காட்டினார்.

"பாரு, நல்லாக் கண்ணத் தொறந்து பாரு. பன்னீராட்டம் இருக்குது. இதுல என்ன இருக்குதுன்னு பழி போடறே?"

தண்ணீர் அவர் விரலிடுக்கில் பளபளவென்று வழிந்தது. அங்கம்மாள் அதை உற்றுப் பார்த்தாள். அங்கிருந்து நகரவில்லை.

விஷயம் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனது. தலைவர் காளியண்ணன் விவசாயக் குடும்பத்துக்காரர், அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதவர். "ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கத்துனா ஆவறதில்லீங்க. சேலத்துக் காலேஜுல மீனை வெச்சுத் தண்ணியச் சோதிக்கற டீச்சரம்மா ஒருத்தரு இருக்காங்களாமா. அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான் முடிவு" என்றார். அங்கம்மாள் தலையாட்டினாள். சரவணமுத்துவுக்கோ உள்ளூர சந்தோஷம். படித்தவர்கள் பார்த்தால் உண்மை விளங்கிவிடும் என்று நினைத்தார்.

ஓடைக்குப் போகும் அலசல் தண்ணீரைப் பஞ்சாயத்தார் முன்னிலையில் ரெண்டு கேனில் பிடித்து, மூடிக்குக் கயிறு கட்டி, சரவணமுத்து சேலம் பஸ் ஏறினார்.

அந்த டீச்சரம்மா ஜானகியம்மாளுக்குச் சொந்த ஊர் ஆட்டையாம்பட்டி. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்து, விலங்கியல் படித்து, கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர். மயில்துத்தம் நன்னீர் மீன்களை என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அறை முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். தொட்டிகளில் குழாய் வழியே காற்றுக் குமிழிகள் கொப்பளித்துக்கொண்டிருந்தன.

சரவணமுத்து கேனை இறக்கி வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீங்களும் நம்ம பக்கந்தானுங்க. உங்களுக்குத் தெரியாதது இல்ல. இந்தத் தண்ணியில ஒண்ணுமில்லீன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னாப் போதுமுங்க. உங்க லேபுக்கு இந்த மாதிரித் தொட்டி எத்தன வேணுமின்னாலும் நான் வாங்கித் தாரேன்."

ஜானகியம்மாள் கோபப்படவில்லை. "எழுதித் தாரேனுங்க" என்றார். "ஆனா ஒண்ணு. சோதனை முடிய நாலு நாள் ஆவும். அது வரைக்கும் நீங்க கூட இருந்து பாக்கோணும். பாத்துப்போட்டு என்ன எழுதட்டும்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்ற வார்த்தைய மாத்தாம எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று சரவணமுத்து எதிர்பார்க்கவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் சித்தப்பா மகன் வீடு இருந்தது. அங்கே தங்கிக்கொண்டார்.

ஒரே அளவான கெண்டைக் குஞ்சுகளை ஜானகியம்மாள் முன்பே பிடித்து வைத்து, அறைத் தண்ணீருக்குப் பழக்கியிருந்தார். வரிசையாக வைத்த தொட்டிகளில் சமமாகப் பிரித்து விட்டார். முதல் தொட்டியில் வெறும் கிணற்றுத் தண்ணீர். அடுத்ததில் சரவணமுத்துவின் தண்ணீரில் ஒரு சிறு அளவு, அதற்கடுத்ததில் கொஞ்சம் கூட, அதற்கடுத்ததில் இன்னும் கூட. இப்படி ஏறிக்கொண்டே போய்க் கடைசித் தொட்டியில் ஒரு சொம்பு. எல்லாத் தண்ணீரும் கண்ணுக்கு ஒன்றுதான். மேலே ஒட்டிய சீட்டைப் பார்க்காவிட்டால் எது எதுவென்று ஜானகியம்மாளாலேயே சொல்ல முடியாது.

மதியம் வரை ஒன்றும் நடக்கவில்லை. "பாத்தீங்களாம்மா, ஜோரா நீந்துது" என்று சரவணமுத்து சிரித்தார்.

பொழுது சாய்வதற்குள் கடைசித் தொட்டி மாறியது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக மேலே வந்து தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டன. செவுள் மூடிகள் படபடவென்று அடித்தன. உடம்பிலிருந்து வழவழப்பு நூல் நூலாகப் பிரிந்து தண்ணீரில் மிதந்தது. ஒரு குஞ்சு திடீரென்று தொட்டியைச் சுற்றிப் பாய்ந்தது, கண்ணாடியில் மோதியது, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து மெதுவாக அடியில் போய்ப் படிந்தது. சரவணமுத்து தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

மறுநாள் அதற்கு முந்தைய தொட்டி. அதற்கு மறுநாள் அதற்கும் முந்தையது. யாரோ கணக்குப் போட்டு வைத்ததுபோல அளவு குறையக் குறையச் சாவும் தள்ளித் தள்ளி வந்தது. தண்ணீருக்கு நாக்கு முளைத்துத் தனக்குள் இருப்பதைச் சொல்லுகிறது என்று அவருக்குத் தோன்றியது. முதல் தொட்டியில் மட்டும் குஞ்சுகள் ஒரே கூட்டமாகத் திரும்புவதும், பிரிவதும், மறுபடி சேருவதுமாக இருந்தன. சரவணமுத்து சாப்பாட்டுக்கு வெளியே போவதைக்கூட விட்டுவிட்டார்.

நாலாம் நாள், நடுவிலிருந்த ஒரு தொட்டியில் சரிபாதிக் குஞ்சுகள் செத்திருந்தன. ஜானகியம்மாள் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம்.

"பாதி எதுக்குங்கம்மா? எல்லாம் செத்தாத்தான விஷம்?"

"நோஞ்சான் கொஞ்சத்துலயே போயிருமுங்க. கெட்டியானது ரொம்ப நேரம் தாக்குப் பிடிக்கும். ரெண்டையும் வெச்சு முடிவு பண்ண முடியாது. பாதி எங்க சாகுதோ அங்கதான் விஷத்தோட நெசமான பலம் தெரியும். நான் சுத்தமான மயில்துத்தத்தையே கரைச்சுப் பாத்திருக்கேன். உங்க பட்டறையில தண்ணி புடிச்சு வெக்கிற இரும்பு டிரம் இருக்குதல்ல, அது நெறையத் தண்ணிக்கு ஒரு புளியங்கொட்டை அளவு போதுங்க. அதுல இருக்கிற குஞ்சுல பாதி போயிரும்."

சரவணமுத்து மயில்துத்தத்தை மூட்டையாக வாங்குகிறவர்.

"அத்தனை சின்னதுக்குள்ள அது போயி என்னதானுங்க பண்ணுது?"

ஜானகியம்மாள் எழுந்து தொட்டிகளிடம் போனார். முதல் தொட்டியிலிருந்து ஒரு குஞ்சைப் பிடித்தார். ஈரப் பஞ்சில் தலையைச் சுற்றி ஒரு கண்ணாடித் தட்டில் படுக்க வைத்து, வாலை மட்டும் விரித்து மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தார். "சீக்கிரம் பாருங்க, அதைத் தண்ணியில உடோணும்."

சரவணமுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

முதலில் வெறும் வெளிச்சம். பிறகு வெளிச்சத்துக்குள் ஏதோ ஓடியது. நூலைவிட மெல்லிய வழிகள், ஒன்றுக்குள் ஒன்று பிரிந்து, வளைந்து, திரும்பிப் போகும் வழிகள். ஒவ்வொன்றிலும் சின்னஞ்சிறு மணிகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் போவதும் மறுபக்கம் வருவதுமாக, ஒன்றையொன்று இடிக்காமல், ஒரு துடிப்புக்கு ஒரு தள்ளலாக ஓடின. வாழ்நாள் முழுக்க நூலைப் பார்த்த கண் அது. ஆயிரம் இழைப் பாவில் ஒரு இழை அறுந்தாலும் சட்டென்று கண்டுபிடிக்கும் கண். அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு இப்படி ஒரு நெசவு இதுவரை எதிர்ப்பட்டதில்லை.

"இது... இது ரத்தமுங்களா?"

"ஆமாங்க. உங்க உடம்புலயும் எம்பட உடம்புலயும் இப்பிடியேதான் ஓடுது."

குஞ்சைத் தண்ணீரில் விட்டதும் அது வாலை உதறிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. அவர் இன்னும் குனிந்தபடியே இருந்தார். ஜானகியம்மாள் அடுத்ததாக ஒரு செவுளை வைத்தார். அதுவும் நல்ல மீனுடையது. சிவந்த இதழ்கள் தறியின் அச்சில் சீப்பாக நிற்கும் பற்களைப் போலச் சீராக நின்றன. அதன் பிறகு, செத்த குஞ்சின் செவுள். இதழ்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டி, மேலே வெளுத்த கோழை கட்டியிருந்தது.

"தண்ணியில இருக்கற காத்த இந்த இதழ் வழியாத்தானுங்க மீன் உள்ள இழுக்கும். துத்தம் பட்டதும் இது அடைச்சுக்குது. சுத்தியும் தண்ணி, அதுல காத்தும் இருக்குது. ஆனா மூச்சு விட முடியாது."

சரவணமுத்து நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. அந்தச் சின்ன உடம்புக்குள் கண்ட ஓட்டம் இன்னும் கண்ணுக்குள்ளேயே ஓடியது. ஏரியில் ஒதுங்கிக் கிடந்தவை எத்தனையோ, அத்தனைக்குள்ளும் அது ஓடித்தானே இருந்திருக்கும்.

ஜானகியம்மாள் பேனாவை எடுத்தார். "சொல்லுங்க. என்ன எழுதட்டும்?"

"எழுத வேண்டாமுங்கம்மா. நானே போயி என்ற வாயால சொல்லிக்கறேன்." தொட்டிகள் பக்கம் திரும்பிக் கேட்டார். "இதத் தண்ணியில இருந்து பிரிக்க வழி இருக்குதுங்களா?"

வழி இருந்தது. ஜானகியம்மாள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

ஏரிக்கரை வேப்பமரத்தடியில் பஞ்சாயத்துக் கூடியபோது ஊரே அங்கே இருந்தது. சரவணமுத்து பெரிய கண்ணாடி ஜாடியில் தன் பட்டறையின் அலசல் தண்ணீரைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பார்ப்பதற்கு அது தெளிந்த தண்ணீர்தான். பிறகு, சுண்ணாம்பைக் கரைத்து அடிமண்டி தங்கவிட்டு மேலாக இறுத்த தெளிவை அதில் ஊற்றிக் கலக்கினார்.

தெளிந்த ரெண்டு தண்ணீரும் சேர்ந்ததும் ஜாடி கலங்கியது. எங்கிருந்தோ வெளிர்நீலத்தில் திரிதிரியாக, பஞ்சு பஞ்சாக ஒன்று கிளம்பியது. கூட்டம் மூச்சடக்கிப் பார்க்க, அது மெல்ல மெல்ல இறங்கி அடியில் நீலச் சேறாகப் படிந்தது. அது சரவணமுத்துவுக்கும் முதல் காட்சி. ஒரு ஜாடிக்கே இவ்வளவு!

"இதத்தானுங்க இத்தன வருசமா ஓடையில உட்டிருக்கேன். மீனு வெயில்ல சாவலீங்க. என்னாலதான் செத்துது. அங்கம்மா சொன்னது அத்தனையும் நெசம். ஏரிக்குக் குஞ்சு வாங்கி உடறது இனி என்ற பொறுப்பு. சுண்ணாம்புத் தொட்டி கட்டி, இந்தச் சேத்தத் தனியாப் பிரிச்சு எடுக்காம பட்டறையில ஒரு சொட்டு வெளிய போவாது. தொட்டி கட்டி முடியற வரைக்கும் பட்டறை மூடியே கெடக்கும்."

அங்கம்மாள் எழுந்தாள். அவள் கண்ணில் நன்றி இல்லை. "இப்பச் சொல்றீங்க மொதலாளி. அன்னைக்குப் பழி போடறேன்னு என்னையத்தான நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டீங்க."

"கேட்டேன் ஆத்தா. தப்புத்தான்" என்றார் சரவணமுத்து.

அடுத்த தெருவில் பட்டறை வைத்திருந்த மருதாசலத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "ஏனுங்க, உங்களுக்கென்ன பைத்தியமா? எல்லாப் பட்டறையும் இதத்தான் பண்ணுது. யாரு கண்ணுக்குத் தெரிஞ்சுது? சும்மா இருந்திருந்தா ஊரே வெயிலுன்னு நம்பிட்டுப் போயிருக்கும். உங்களால இப்ப எல்லாருக்கும் கேடு!"

காளியண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சரவணமுத்து கையமர்த்தினார். ஜாடியைத் தூக்கி, வெயில் படும்படி மருதாசலத்தின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நல்லாப் பாரு மருதாசலம். சாயத் தண்ணி கண்ணுல படுமின்னு குழி வெட்டி மறைச்சேன். இது படாதுன்னு ஓடையில உட்டேன். நான் பயந்தது ஊரு கண்ணுக்குத்தான், உசுருக்கு இல்ல. என்ற பொழப்பும் நடக்கோணும், ஏரியும் பொழைக்கோணும். ரெண்டுல ஒண்ணுதான்னா எனக்கு இந்தத் தொழில் வேண்டாம். தண்ணி தெளிவா இருக்குதுன்னு மட்டும் பாத்து உடாதே. நாம ஊத்தற எடத்துக்குக் கீழ எது மூச்சு உடுதுன்னு பாத்துப்போட்டு உடு. அதப் பாக்காம ஊத்தறவன், தெரிஞ்சு ஊத்துனாலுஞ்செரி தெரியாம ஊத்துனாலுஞ்செரி, உசுரக் கொல்றவன்தான்."