ஓசை நின்ற வீடும் மூன்று குரல் சிப்பும்

1992ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலேயுள்ள சவுக்குத் தோட்டம் என்ற தேயிலைத் தோட்டத்தில், பவுலின் டீச்சரின் வீட்டில் ஓசை நின்றுபோனது. மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மாலை பவுலின் கதவைத் தள்ளினாள். என்றும் கிறீச்சிடுகிற கதவு கிறீச்சிடவில்லை. கையிலிருந்த குடை நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. விழுந்தது தெரிந்தது, கேட்கவில்லை. கணவர் சூசைரட்ணம் வாய் திறந்து எதையோ சொன்னார். தன் காதுதான் அடைத்துவிட்டதென்று எண்ணி அவள் வெளியே வந்தாள். வெளியே மழை இரைந்துகொண்டிருந்தது, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துப் பக்கம் நாய் குரைத்தது, கீழே தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரம் ஓடியது. மறுபடி உள்ளே காலை வைத்தாள். எல்லாம் அறுந்து நின்றது.

சூசைரட்ணம் அந்தத் தொழிற்சாலையின் எலெக்ட்ரீசியன். ஆகவே பழக்கத்தில் முதலில் வீட்டு வயர்களைப் பார்த்தார். அதில் பிழை எதுவும் இல்லை. பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்தார். செபம் சொல்கிற தன் குரல் தனக்கே கேட்காததால் செபத்தின் எந்த வரியில் நிற்கிறோம் என்பது மறந்து, மீதியை முற்றத்தில் குடை பிடித்து முடித்துக்கொண்டார். தலைவலிக்காரர்கள் கொஞ்சநாள் அங்கே வந்து படுத்துவிட்டுப் போனார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள். கொழுந்து பறிக்கிற நாகலெட்சுமி, வயிற்றுவலியில் வீறிடும் கைக்குழந்தையைக் கொண்டுவந்து பாயில் கிடத்தினாள். வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிற குழந்தையைச் சற்று நேரம் பார்த்திருந்தவள், பயந்துபோய் அள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. வந்து குடியேறுகிறவர்களிடம் எந்தக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று சொல்லும்போது, டீச்சர் வீட்டில் சத்தம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பேச வேண்டியிருந்தால் பவுலினும் சூசைரட்ணமும் முற்றத்துக்கு வந்தார்கள். அந்த மலையில் பாதி வருடம் மழை. மழையில் நின்று பேசுகிறவர்கள் நீளமாகப் பேசுவதில்லை. அரிசி முடிந்துவிட்டது, தகரம் ஒழுகுகிறது, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். இவ்வளவுதான் பேச்சு. யூஜினாவைப் பற்றிப் பேசுவதற்காக இருவரும் ஒருநாளும் மழையில் நிற்கவில்லை.

யூஜினா அவர்களுடைய ஒரே பிள்ளை. பதினைந்து வயதில் போனவள். தோட்டத்தை நிர்வகித்த தொரை வேலையை விட்டுப் போனபோது பங்களாவில் கழித்துப்போட்ட கம்பியூட்டர் ஒன்றைச் சூசைரட்ணம் அவளுக்காகக் கேட்டு வாங்கி வந்திருந்தார். தட்டச்சுப் பலகைக்குள்ளேயே முழு இயந்திரமும் அடங்கியிருந்த பழைய மாதிரி அது. டீவியில் மாட்டினால் படம் வரும், கசெட்டிலிருந்து எதையும் ஏற்றலாம். அதற்குள் ஓசைக்கென்றே தனியாக ஒரு சிப் இருந்தது. பூரான் போல இருபக்கமும் கால் வைத்த கறுப்புச் சிப். ஒரே நேரத்தில் மூன்று குரலில் பாடக்கூடியது. யூஜினா மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த மூன்று குரல்களோடுதான் இருந்தாள். எண்களாகத் தட்டித் தட்டி ஒரு மெட்டைக் கட்டி, கசெட்டில் பதிந்து வைத்தாள். அந்த ஆனி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு கழுத்து விறைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லொறிக்குச் சொல்லியனுப்பிக் காத்திருந்தார்கள். பாதையில் மண் சரிந்து லொறி வர வழியில்லாமல் போன செய்தி பிந்தித்தான் வந்தது. பிறகு ஆண்கள் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சரிந்த மண்ணைக் கடந்து அந்தப் பக்கம் ஏறியபோது தூக்கிக்கொண்டு போக அவசரம் இருக்கவில்லை.

1999 ஐப்பசியில் கூரை ஒழுகி அலுமாரி மேல் தண்ணீர் இறங்கியது. பவுலின் கட்டில் துணியில் சுற்றி வைத்திருந்த கம்பியூட்டரை இறக்கினாள். நனைந்து கெட்டுவிட்டதா என்று பார்க்க டீவியில் மாட்டினாள், கையோடு கசெட்டையும் போட்டாள். திரையில் கோடுகள் வெகுநேரம் ஓடின. பிறகு யூஜினாவின் மெட்டு கேட்டது. கேட்பது என்றால் என்னவென்றே அந்த வீட்டில் மறந்துபோயிருந்ததால், முதலில் அவளுக்கு அது நெஞ்சில் ஏதோ அடைப்பது போலத்தான் இருந்தது. அந்த மெட்டின் பின்னாலேயே மற்ற ஓசைகளும் வந்தன. தகரத்தில் மழை விழுந்தது. கேத்தலில் தண்ணீர் கொதித்தது. சுவர் மணிக்கூடு நடந்தது. உள் அறையிலிருந்து ஒரு ஆண் குமுறிக் குமுறி அழுகிற சத்தம் கேட்டது.

வேலை முடிந்து வந்தால் சூசைரட்ணம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வது வழக்கம். தூங்குகிறார் என்றுதான் ஏழு வருடமாக அவள் நினைத்திருந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெட்டு முடியும்வரை நின்று கேட்டாள். அது முடிந்ததும் எல்லாம் நின்றது. அவருடைய முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

அவருக்கும் தன் சத்தம் கேட்டிருந்தது. எழுந்து வந்து சுவிட்சை அணைத்துவிட்டு முற்றத்துக்குப் போனார்.

“இனிமே அத போடாத பவுலின்” என்றார்.

“ஏங்க?”

“எனக்கு அழுவுறதுக்கு இந்த வீட்ட விட்டா வேற எடம் இல்ல.”

அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போன நேரத்தில் மட்டும் அவள் போட்டாள். மெட்டு ஓடும்போது பாத்திரம் கழுவினாள், வேண்டுமென்றே கரண்டியைக் கீழே போட்டாள். யூஜினாவின் பேரைச் சொல்லிப் பார்த்தாள். இப்படி இரண்டு வருடம் போனது. 2001இல் ஒருநாள் கம்பியூட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற பழைய பெட்டி கெட்டு, கொடுக்க வேண்டியதைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிட்டது. பிளாஸ்டிக் கருகுகிற மணம் வந்தது. சூசைரட்ணம் வந்து திறந்து பார்த்து, முற்றத்துக்குப் போய், “போயிருச்சு” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுமை இறங்கியதை அவள் பார்த்தாள். அதை அவளால் மன்னிக்க முடியவில்லை. அவர் சாக்கில் கட்டிப்போட்டதை மறுபடி அவிழ்த்து, கரி படிந்த அந்தச் சிப்பைப் பிடுங்கிப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

ஹட்டனில் பேக்கரிக்கு மேல்மாடியில் கம்பியூட்டர் வகுப்பு நடத்தியவர் கோபிசங்கர். யாழ்ப்பாணத்துக்காரர், போரில் இடம்பெயர்ந்து வந்து அங்கேயே தங்கியவர். சிப்பை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மெசின் செத்திட்டுது ரீச்சர். இது செத்ததோ இல்லையோ எண்டு இப்ப சொல்லேலாது. எதுக்கு உங்களுக்கு இவ்வளவு பழசு?”

“வீட்டுல சத்தம் வரணும் தம்பி” என்று பவுலின் நடந்ததைச் சொன்னாள்.

கோபிசங்கர் வியக்கவில்லை. “ஊரில எங்கட வீட்டில இப்ப ஒருத்தரும் இல்லை. கிணத்தில மட்டும் ஆரோ தண்ணி அள்ளுற சத்தம் கேக்குதாம். போய்ப் பாத்த சனம் சொல்லுது” என்றார். இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். பழைய சிப்புகள் மேல் பைத்தியமாக இருக்கிறவர்கள் வெளிநாட்டில் ஒரு கார்ட் செய்கிறார்கள் என்பதை இன்டர்நெட்டில் கண்டுபிடித்தார். புதுக் கம்பியூட்டருக்குள் செருகுகிற கார்ட் அது; பழைய சிப் உட்கார அதில் காலி இருக்கை இருக்கும். ஜெர்மனியிலிருந்த அவருடைய மச்சான் அடுத்த வருடம் ஒன்றை அனுப்பி வைத்தார். கசெட்டிலிருந்த மெட்டையும் கோபிசங்கர் புதுக் கம்பியூட்டருக்குள் இழுத்தார். நாடாவின் பின்பாதியில் பூஞ்சணம் பிடித்திருந்ததால் முன்பாதிதான் வந்தது. முடிகிற இடத்திலிருந்து மறுபடி தொடக்கத்துக்கே திரும்பும்படி அதைக் கட்டிக்கொடுத்தார்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. அந்தச் சிப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும், மற்றதுக்கு ஒன்பது. கார்டில் இரண்டு ஊசிகளுக்கு மேல் போடுகிற சிறிய மூடியை இடம் மாற்றி எது வேண்டுமோ அதைக் கொடுக்கலாம். ஒன்பது கேட்கிற சிப்புக்குப் பன்னிரண்டைக் கொடுத்தால் அது கருகிவிடும். எந்த வகை என்று சொல்லும் எழுத்தோ கரியில் போயிருந்தது. “முதல் ஒன்பதில போட்டுப் பாருங்கோ. அதில ஆபத்தில்லை” என்றார் கோபிசங்கர்.

பவுலின் அவரிடம் வாங்கிய புதுக் கம்பியூட்டரைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து வீட்டில் மாட்டினாள். ஒன்பதில் சிப் பாடவில்லை, உறுமியது. ஆனால் அந்த உறுமலுக்கே வீடு கொஞ்சம் அசைந்துகொடுத்தது. அவள் ஒரு கரண்டியைப் போட்டாள். எங்கோ மூன்று வீடு தள்ளி விழுந்தது போலக் கேட்டது. அப்போது வேலை விட்டு வந்த சூசைரட்ணம் வாசற்படியில் நின்று அதைக் கேட்டார். திரும்பி முற்றத்துக்குப் போனார். அவள் பின்னாலேயே போனாள். தூறிக்கொண்டிருந்தது.

“எடுத்து வச்சிரு பவுலின்.”

“மாட்டேங்க.”

“நா அழுவுறத கேட்டு ஒனக்கு என்ன கெடைக்கப் போவுது?”

“ஏழு வருசமா நா மட்டுந்தான் அழுவுறேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். பக்கத்துல படுத்திருக்கிறது மனுசனா கல்லான்னு தெரியாம கெடந்தேன். அன்னிக்கு நீங்க அழுவுறத கேட்டப்பதாங்க அவ நம்ம ரெண்டு பேருக்கும் பொறந்தவன்னு எனக்குத் திரும்ப நெனப்பு வந்துச்சு.”

அவர் தலையிலிருந்து தண்ணீர் வடிய வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே போய்ச் சாக்கிலிருந்து செத்த கம்பியூட்டரின் பலகையை எடுத்தார். டெஸ்டரை வைத்து, சிப் இருந்த இடத்திலிருந்து செம்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே எத்தனை வோல்ட் கொடுக்கிற இடத்தில் போய்ச் சேர்கிறது என்று பார்த்தார். பிறகு கார்டின் அந்தச் சிறிய மூடியை நகத்தால் கிள்ளி எடுத்தார். பவுலினுக்கு எது சரி எது பிழை என்று தெரியாது. இந்த மனிதர் நினைத்தால் இந்த நொடியில் அதைக் கருக்கிவிட்டு, போயிருச்சு என்று மறுபடி சொல்லலாம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையைப் பிடிக்கலாம் போலிருந்தது. பிடிக்கவில்லை. அவர் மூடியை மற்ற இடத்தில் வைத்து அழுத்தினார், அவளைப் பார்த்தார், உதடுகள் அசைந்தன. பன்னிரண்டு என்று அவள் வாசித்துக்கொண்டாள். சுவிட்சை அவரே போட்டார்.

மெட்டு வந்தது. மூன்றாவது குரல் சற்றே விலகி, மூக்கடைத்துத் தடுமன் பிடித்தவர் பாடுவது போலப் பாடியது. தூறல் தகரத்தில் கேட்டது. சூசைரட்ணம் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளை எடுத்துவிட்டாள்.

“அழுங்க. நா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“லொறி வரும், பொறுப்போம்னு நாந்தானே சொன்னேன்” என்றார் அவர்.

“நானுந்தானே சரின்னேன்” என்றாள் அவள்.

இந்த இரண்டு வாக்கியங்கள் அந்த வீட்டில் பேசப்படுவதற்குப் பத்து வருடம் பிடித்தது. மெட்டு பாதியில் முறிந்து முறிந்து மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் இருட்டும்வரை அழுதார்கள். எழுந்து விளக்கைப் போட்டு, சோறு தின்றபடியும் அழுதார்கள்.

அதற்குப் பிறகு தினமும் தேத்தண்ணி நேரத்தில் சிப்பைப் பாடவிட்டு இருவரும் பேசினார்கள். யூஜினா முருங்கைக்கீரையைத் தட்டுக்கு அடியில் ஒளித்தது, ஒரு தடவை பூசை நேரத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடியது, எல்லாம் பேசினார்கள். சண்டையும் போட்டார்கள். பழைய சிப், சீக்கிரம் சூடாகும். அளவோடு பாவியுங்கள் என்று கோபிசங்கர் சொல்லியிருந்தார். அவர்கள் அளவு பார்க்கவில்லை. 2005இல் தடுமன் பிடித்த குரல் செத்தது. அதோடு மழைச்சத்தம் வீட்டை விட்டுப் போனது. அடுத்த வருடம் இன்னொரு குரல் போனது. கதவும் கேத்தலும் மணிக்கூடும் ஓய்ந்தன. கடைசிக் குரல் மட்டும் மனிதப் பேச்சைத் தாங்கிக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் ஓடியது. நாளுக்கு நாள் அது தணிந்தது. ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்க, நாற்காலியை இழுத்து இழுத்துப் போட்டு, கடைசியில் முழங்கால் முட்ட உட்கார்ந்தார்கள். 2008 மாசியில், நாகலெட்சுமியின் மகள் பரீட்சையில் தேறிவிட்டாள் என்று பவுலின் சொல்லிக்கொண்டிருந்தபோது அதுவும் நின்றது. தேறிவிட்டாள் என்ற சொல்லின் பின்பாதியை அவர் அவளுடைய உதட்டில்தான் பார்த்தார்.

ஜெர்மனியிலிருந்து இன்னொரு சிப் எடுப்பிக்கலாம் என்றார் கோபிசங்கர். பவுலின் மறுத்துவிட்டாள்.

“வேணாம் தம்பி. அது யாரு வீட்டுப் புள்ள வாசிச்சதோ.”

இருவரும் ஓய்வு பெற்றபின்னும் அங்கேயே இருக்கிறார்கள். தோட்டத்தில் வேறு வீடு தருவதாகச் சொன்னார்கள், போகவில்லை. பேச வேண்டியதைப் பெரும்பாலும் பேசி முடித்துவிட்டதால் முற்றத்துக்கும் அதிகம் வருவதில்லை. பின்னேரம் சூசைரட்ணம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். பவுலின் பின்னால் படுத்து, அவருடைய முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறாள். முதுகு அசையாமல் இருந்தால் தூங்குகிறார் என்று அவளும் கண்ணை மூடிக்கொள்கிறாள். குலுங்கினால், அது அடங்கும்வரை கையை எடுப்பதில்லை.