பத்து மேசையும் காலி

மனநலப் பிரிவின் சோதனை அறையில் அவன் உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டுக் கடையில் சர்வர். பத்து மேசை ஆர்டரையும் பேனா தொடாமல் தலையிலேயே வைத்திருப்பவன். அந்த ஜம்பமெல்லாம் இங்கே செல்லுமா?

அக்காவுக்கு இருமுனைக் கோளாறு, உற்சாகமும் சோர்வும் அளவுமீறி மாறி மாறி வரும் நோய். மாத்திரை புண்ணியத்தில் இப்போது நன்றாகவே இருக்கிறாள். ஆனால் கூடப் பிறந்தவனுக்கும் வரலாம், ஞாபக மறதியில் முன்கூட்டியே தெரியலாம் என்று யாரோ கொளுத்திப் போட, அவன் சாவியைத் தேடினாலே அம்மாவின் முகம் தொங்கிவிடும். சற்று உரக்கச் சிரித்தால் போதும், ராத்திரி தூங்கினாயா என்பார் அப்பா. இன்றோடு அந்தச் சந்தேகத்துக்கு முடிவு கட்டிவிடலாமென்று அக்காவைத் துணைக்கு அழைத்து வந்திருந்தான்.

உளவியலாளர் பத்துச் சொற்களை வாசித்தார். கடைசியில் கேட்பாராம். அவனுக்கா தெரியாது? தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொரு சொல்லையும் மனசுக்குள் ஒரு மேசையில் உட்கார வைத்தான். அப்புறம் கட்டைகளை அடுக்கச் சொன்னார், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார். முடித்துவிட்டு மனசுக்குள் எட்டிப் பார்த்தால் பத்து மேசையும் துடைத்துப் பளிச்சென்று கிடந்தன.

"இப்ப அந்த வார்த்தைகளைச் சொல்லுங்க."

"எல்லாரும் எழுந்து போயிட்டாங்க மேடம்."

அவர் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். பில் போட்ட மேசையை அந்த நிமிடமே மறந்தால்தான் அடுத்த ஆளை உட்கார வைக்க முடியும், தொழில் அப்படி என்று அவசரமாக விளக்கினான். அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு வேறு பத்துச் சொற்களை எடுத்தார்.

"நான் சொல்ற வரைக்கும் யாருக்கும் பில் போடாதீங்க."

இந்தத் தடவை ஒருத்தரையும் எழவிடவில்லை. மேசை எண்ணோடு பத்தையும் ஒப்பித்தான். ஆனாலும் ஒருநாள் சோதனையை வைத்து வரும், வராது என்று சொல்ல முடியாது என்று அவர் கைவிரித்துவிட்டார்.

படியிறங்கும்போது அக்காவிடம் நடந்ததைச் சொன்னான். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். "அடப்பாவி, உள்ளயும் போய் மேசை துடைச்சியா?" அவனும் சிரித்தான். சட்டென்று இருவரும் நிறுத்தி, மற்றவர் சிரிப்பு அளவோடுதான் இருந்ததா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

வாசலில் மழை கொட்டியது. வரும்போது குடை இருந்தது. இப்போது இருவர் கையிலும் இல்லை. கேட்டால், மறந்தது யார் என்று ஆகிவிடும்.

"மழை நல்லா இருக்குல்ல?" என்றாள் அக்கா.

"ரொம்ப நல்லா இருக்குக்கா."

நனைவதற்கென்றே வந்தவர்கள் போல நிதானமாக நடந்தார்கள். மேல்மாடி ஜன்னலிலிருந்து ஒரு கை குடையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.