பதினான்கு பேராக இருந்த ஆர்விட் டோலஃப்சன்

ஜனவரி பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்கு, விஸ்கான்சின் மாநிலத்து ஹெரன் ஏரிக்கரையில் ஆர்விட் டோலஃப்சன் பதினான்கு பேர் ஆனார். உடம்பு அதேதான். தொப்பியின் அளவு மாறவில்லை, பசியும் ஓர் ஆள் பசிதான். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த சமையலறை நாற்காலி நாலு காலையும் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டது. அப்போது அவர் கையில் தொலைபேசி இருந்தது. அதிபர் தேர்தலுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கும்போதே கருத்துக் கணிப்பு எடுக்கக் கிளம்பிவிட்ட ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். "சார், அறுபது தாண்டி, கல்யாணமே ஆகாம, காலேஜ் போகாம, கிராமத்துல இருக்கற ஆம்பளைங்க யாருமே போனை எடுக்க மாட்டேங்கறாங்க. நாங்க கேள்வி கேக்கற ஐந்நூறு பேர்ல அப்படி நீங்க ஒருத்தர்தான் சிக்கினீங்க. அதனால உங்க பதிலைப் பதினாலு பேர் பதிலா எண்ணிக்கறோம், உங்களுக்கு எடை பதினாலுன்னு போட்டிருக்கோம். இனிமே செவ்வாய்க்கிழமை தோறும் கூப்பிடுவேன், சரியா?" ஆர்விட் தரையில் கிடந்தபடியே சரி என்றார். யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

தீவன ஆலையில் லாரிகளை நிறுக்கும் மேடையில் அவரை ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டாயிரத்து அறுநூற்று நான்கு பவுண்டு. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நூற்றெண்பத்தாறு, இம்மி பிசகவில்லை. அன்றிலிருந்து அவர் கார் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் படுக்கை விரித்தார், எங்கே போனாலும் நடந்தே போனார், மாதா கோயிலில் படிக்கட்டோரமாக நின்றே ஜெபித்தார். ஊர் இரண்டு நாள் வாயைப் பிளந்தது, மூன்றாம் நாள் அவரவர் வேலையைப் பார்க்கப் போனது.

அவருக்கு உண்மையில் வலித்தது ஏரிதான். அந்த வருடம் குளிர் ஏமாற்றிவிட்டது. ஏரி மேல் ஏழு அங்குலத்துக்குத்தான் உறைந்திருந்தது. ஒரு மனிதன் நடக்க அது தாராளம், பதினான்கு பேர் ஒரே ஜோடிக் காலில் நிற்க அது போதாது. ஏரியின் நடுவே, பனிக்கட்டி மேல், மீன்பிடிக்கப் போட்டிருந்த நாற்பது மரக்குடில்களில் மஞ்சள் வண்ணம் அடித்தது பெர்னீஸ் குஜாவா அம்மாளுடையது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், கணவரை இழந்து ஒன்பது வருடம் ஆனவர். அந்தக் குடிலின் தரையில் பனிக்கட்டியைத் துளைத்த ஓட்டைகள் இரண்டு. ஒன்று அவருக்கு, இன்னொன்று ஆர்விட்டுக்கு. நாலு குளிர்காலமாக இருவரும் எதிரெதிரே வாளி மேல் உட்கார்ந்து தூண்டில் போட்டார்கள். கரையில் ஆர்விட்டுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தால் மட்டும்தான் பேச்சு வரும். பெர்னீஸ் அம்மாளைக் கேட்க வேண்டும் என்று நாலு வருடமாக ஒரு கேள்வியை மனசுக்குள் வைத்திருந்தார். இந்தக் குளிர்காலத்தை விட்டால் அதற்கு வழியில்லை. குளிர் முடிந்து குடில்களைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்ததும் பெர்னீஸ் அம்மாள் அரிசோனாவில் மகளோடு இருக்கப் போகிறார், ஒரேயடியாக. பயணச்சீட்டு வாங்கியாகிவிட்டது.

இதற்கிடையில் நாடு ஆர்விட்டைக் கவனித்தது. அதிபர் பதவிக்கு ஒரு கவர்னரும் ஒரு செனட்டரும் போட்டியிட்டார்கள். முதல் செவ்வாய்க்கிழமை அவர் கவர்னருக்குத்தான் ஓட்டு என்றார். விளம்பரத்தில் வந்த கவர்னரின் நாயை அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான் காரணம். வியாழக்கிழமைப் பத்திரிகையில் மாநிலத்தில் கவர்னர் மூன்று சதவீதப் புள்ளி முன்னிலை. மறுவாரம் நாய் மேல் ஆசை குறைந்து செனட்டர் என்றார். செனட்டர் மூன்று புள்ளி முன்னிலை. பால் விலை, மூடிய காகித ஆலை, கிராமத்து மக்களின் உள்ளக் குமுறல் என்று தொலைக்காட்சியில் நிபுணர்கள் அலசினார்கள். ஆர்விட் அதை ஆர்வமாகக் கேட்டார். தன் மனசு ஏன் மாறியது என்று அதுவரை அவருக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை மாலை லாயிடின் மதுக்கடையில் வறுத்த மீனோடு இந்தக் கணிப்பும் பரிமாறப்பட்டது. கவர்னர் கட்சி கோர்டி ப்ரஸ்ட், செனட்டர் கட்சி எல்ராய் ஹின்ட்ஸ். இருவரும் மச்சான் முறை, ஒரே மேஜை.

"பத்து மாசத்துக்கு முன்னாடி எடுக்கற கணிப்பெல்லாம் ஒரு கணிப்பாய்யா? என்னை ஒரு பய கேக்கலையே!" என்றார் எல்ராய், தன் ஆள் பின்தங்கியிருந்த வாரத்தில்.

"நீதான் போன் அடிச்சா வைக்கோல் போருக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறியே, எங்கேர்ந்து கேப்பான்?"

"போன வாரம் உன் ஆளு தோத்தப்போ நீ என்ன சொன்னே? எல்லாம் பித்தலாட்டம்னே."

"போன வாரம் பித்தலாட்டம்தான். இந்த வாரம் சரியா எடுத்திருக்கான்."

சிரிப்பு அடங்கியதும் இரண்டு பேரும் சொல்லி வைத்தாற்போல் வாசல் பக்கம் திரும்பினார்கள். ஆர்விட் அங்கே சிமெண்டுப் படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். "ஏம்ப்பா ஆர்விட், மீன் இன்னும் ரெண்டு துண்டு வைக்கட்டுமா?" என்று கோர்டி உருகினார். எல்ராய் வீட்டிலிருந்து செர்ரிப் பணியாரம் வந்தது. எடையைக் குறைக்க வழி தேடலாமா என்று ஆர்விட் கேட்டபோது மட்டும் இரண்டு கட்சிகளும் ஒற்றுமையாகிவிட்டன. "குறைக்கறதா? நல்லா கேட்டே போ! உன் ஒருத்தனாலதான் இந்த ஊர் இருக்கறதே நாட்டுக்குத் தெரிஞ்சிருக்கு."

மறுவாரம் அந்தப் பெண் கூப்பிட்டபோது ஆர்விட் யோசிக்க வேண்டும் என்றார். மாநிலமே யோசிக்க ஆரம்பித்தது.

மார்ச் முதல் சனிக்கிழமை, குடில்களை அகற்ற வேண்டிய கடைசி நாள். காலையிலிருந்தே ஆட்கள் குடில்களைக் கரைக்கு இழுக்கத் தயாரானார்கள். மஞ்சள் குடிலின் வாசலில் பெர்னீஸ் அம்மாள் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆர்விட் கரையில் நின்று கையசைத்தார். அவரும் அசைத்தார். ஆர்விட் ஒரு காலை ஏரியில் வைத்தார். பனிக்கட்டி கரையின் நீளத்துக்கும் முனகியது. காலை எடுத்துக்கொண்டார். பிறகு என்ன தோன்றியதோ, வீட்டுக்கு நடந்து போய்த் துளைக்கருவியை எடுத்து வந்து, கரையில் இருந்தபடியே கையை நீட்டி ஓர் ஓட்டை போட்டார். முழங்காலிட்டு, வழக்கம்போல அதைக் குனிந்து பார்த்தார். பேச்சு வந்தது.

"பெர்னீஸ்," என்றார், குடிலுக்குள் பேசுகிற அதே அடங்கிய குரலில். "அரிசோனாவுக்குப் போகாதே. அங்கே ஏரி உறையாது. என்னைக் கட்டிக்கோ. நாலு வருஷமா கேக்கணும்னு இருந்தேன். நீ மீன் புடிக்கறதைப் பாத்துக்கிட்டே கேக்க மறந்துடுவேன்."

அந்தக் குரல் பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீரோடு ஓடி, ஏரியில் இருந்த எல்லா ஓட்டைகளின் வழியாகவும் மேலே வந்தது. நாற்பது குடில்களிலும் கேட்டது. கோர்டியின் குடிலில் ஒரு சொல் கூடச் சிதறாமல் கேட்டதாக அவரே பிறகு உறுதி சொன்னார். ஆட்கள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். பெர்னீஸ் அம்மாளுக்கு ஓட்டை தேவைப்படவில்லை. முப்பது வருடம் பின் இருக்கைப் பிள்ளைகளை அடக்கிய தொண்டை அது.

"யோவ் ஆர்விட்! பதினாலு ஆம்பளை சேர்ந்து இதைக் கேக்க இவ்வளவு நேரமாய்யா? டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடறேன். அங்கேயே இரு, வரேன்!"

வந்தார். இருவரும் கரையில் கொஞ்சம் அழுதார்கள். ஆர்விட்டின் தோளில் சாய்ந்தபோது பாறையில் சாய்ந்த மாதிரி இருந்ததாம், அதுவும் நன்றாகத்தான் இருந்ததாம். வியாழக்கிழமை மாவட்ட அலுவலகத்தில், கீழ்த்தளத்தில், திருமணம் நடந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் கூப்பிட்டாள். எப்போதும் கேட்கிற வரிசையில் கேட்டாள். வயது, படிப்பு, கல்யாணம்.

"ஆயிடுச்சும்மா. வியாழக்கிழமை."

மறுமுனையில் அவள் விசைப்பலகையில் தட்டிப் பார்த்தாள். "வாழ்த்துக்கள் சார். ஆனா ஒண்ணு. கல்யாணமான பெரியவங்க எங்ககிட்ட தேவைக்கு மேலயே இருக்காங்க. அவங்க வீட்டுல சம்சாரம் போனை எடுத்துக் கையில குடுத்துடறாங்க. உங்க எடை இப்போ பூஜ்யம் புள்ளி ஆறுதான்."

கொட்டகையின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்த ஆர்விட் ஒரு விரற்கடை மேலே எழும்பித் திரும்ப உட்கார்ந்தார். அந்த வாரம் மாநிலத்தில் இருவரும் சமநிலை. ஒரு கல்யாணத்தில் மூன்று புள்ளி போயிற்றே என்று கோர்டியும் எல்ராயும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். கல்யாண மாப்பிள்ளை என்றால் பாதி ஆள் என்று எல்லா ஊரிலும் கேலி பேசுவதுண்டு. எங்கள் ஊரில் அது தீவன ஆலையில் நிறுத்துப் பார்த்த கணக்கு.

ஏப்ரலில் ஏரியின் பனிக்கட்டி இரண்டு அங்குலத்துக்கு மெலிந்து, நாய்கூட இறங்கத் தயங்கிய நாட்களில், ஆர்விட் ஒருவர் மட்டும் நடுவில் போய் மீன் பிடித்தார். கரையில் நாற்காலி போட்டு பெர்னீஸ் அம்மாள் எத்தனை என்று கத்திக் கேட்டார். நவம்பரில் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டு இயந்திரம் ஆர்விட்டை முழுசாக ஓர் ஆளாகவே எண்ணிக்கொண்டது. எங்கள் மாநிலத்தில் மயிரிழையில்தான் முடிவு வந்தது. யாருக்குப் போட்டார் என்று கோர்டியும் எல்ராயும் இன்றைக்கும் பந்தயம் கட்டுகிறார்கள்.

அவர் புதுப்பனியில் நடந்தால் தடம் பதிவதில்லை. பலத்த காற்றடிக்கும் நாட்களில் தபால் நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் பெர்னீஸ் அம்மாள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டே போகிறார். காற்றில்லாத நாட்களிலும் பிடித்துக்கொண்டுதான் போகிறார்.