பத்து நானோமீட்டர் கட்டம்

கண்ணாடி இழையை அமிலத்தில் கரைத்து, மயிரைவிட மெல்லிய கூராக்கி, அலுமினியம் பூசித் தருவது எட்மண்டின் வேலை. மூலக்கூறுக்குப் பக்கத்தில் போய் அதன் ஒளியைப் படிக்க வேண்டிய கூர் அது. அதன் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது சாமுண்டீஸ்வரி. கணக்குப்படி முனையில் நாற்பது மடங்கு வெளிச்சம் வர வேண்டும். அளந்தபோது வந்ததோ மூன்று மடங்கு.

பழி எட்மண்டின் கைமேல் விழுந்தது.

"இன்னாண்ணா, கை நடுங்குதா? கொத்தனாரே இதைவிட நல்லா சீவுவாரு" என்று அவளே கேட்டாள். வீட்டிலிருந்து முதன்முதலாகக் காலேஜ் படியேறி, பொத்தேரி வரை ஆராய்ச்சிக்கு வந்தவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

மார்ச்சோடு எட்மண்டின் கான்ட்ராக்ட் முடிகிறது, இனி வேண்டாம் என்று ஆய்வகத் தலைவர் ஸ்ரீரங்கன் சார் கடிதமே அடித்து வைத்துவிட்டார்.

"போறதுக்கு முன்னாடி கேக்கறேன். உன் கணக்கை ஒருதரம் பாரும்மா" என்றார் எட்மண்ட்.

அவர் வாயை அடைக்கத்தான் கணக்கைத் திரும்ப எடுத்தாள். வளைந்த கூரைக் கம்ப்யூட்டர் சதுரக் கட்டங்களாக, படிக்கட்டு மாதிரித்தான் பார்க்கும். கட்டம் சிறுத்தால் கணக்கு நீளும். தினம் பகல் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் முடியட்டும் என்று பத்து நானோமீட்டர் கட்டம் வைத்தவள் அவள். இப்போது ஐந்தாக்கினாள். வேலை எட்டு மடங்கு. கரண்ட் போகுமுன் சேமித்து, மறுநாள் விட்ட இடத்தில் தொடங்கி, எட்டு நாள் ஓட்டினாள்.

கணக்கிலும் மூன்று மடங்குதான் வந்தது. அந்த நாற்பது, படிக்கட்டு மூலைகளில் தேங்கிய பொய் வெளிச்சம்.

நேரே சாரிடம் போய்ச் சொன்னாள்.

"அந்த நாற்பதை வெச்சு எழுதின பேப்பர் அச்சுக்குப் போயாச்சேம்மா."

"திரும்ப வாங்கிடுங்க சார்."

"உன் தீசிஸ்ல பாதி அதுதான். இன்னும் ஒரு வருஷம் இழுக்கும்."

"இழுக்கட்டும். கட்டம் வெச்சது நான். அவர் கையில தப்பில்ல. மொதல்ல அந்த லெட்டரைக் கிழிங்க."

சார் நெற்றியைத் தேய்த்தார். பிறகு கிழித்தார்.

எட்மண்டிடம் விஷயத்தைச் சொல்லி, "மன்னிச்சிடுங்கண்ணா" என்றாள். அவர் கையுறையைக் கழற்றவில்லை.

"பன்னெண்டு மணிக்கு கரண்ட் போவும்னு தெரியுதில்ல? காலைல ஆறு மணிக்கே வந்து ஆரம்பிக்கறதுக்கு இன்னா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆறு மணிக்குப் பீர்க்கன்கரணையில் அவள் தெருவுக்குத் தண்ணி லாரி வரும். எட்டுக் குடம் அவள்தான் பிடிக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, கணக்கைத் திருத்தப் போனாள்.