நான்கு மணிக்கு மேல் சர்வர்

டெஸ்ட் சர்வர் ஒன்றுதான். நிரந்தர ஊழியர்களுக்குக் காலையிலிருந்து. ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு மாலை நான்கு மணிக்கு மேல். அடையாறு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஜெராக்ஸ் மெஷினை ஒட்டிக் கிடந்த மேஜையில், எழுதி முடித்த புரோகிராமை ஓட்டிப் பார்க்க வழியில்லாமல் நிஷா பதினோரு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

வேளச்சேரி அடுக்குமாடிச் சங்கங்கள் சில சேர்ந்து கேட்ட வேலை. மழைநீர்க் கால்வாய்களில் வைத்த சென்சார்கள் நீர்மட்டத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் கீழ்த்தளத்துக்காரர்களின் போன் அலற வேண்டும். வெள்ளிக்கிழமை செய்து காட்ட வேண்டும். சொதப்பினால் ஒப்பந்தக்காரர்கள் ஆறு பேருக்கும் அந்த மாதத்தோடு சரி.

"இப்டியே குந்திக்கினு இருந்தா வெள்ளிக்கெழம இன்னாத்தக் காட்றது?" என்றாள் நிஷா.

பக்கத்து நாற்காலியில் தஹ்சீன். ராயப்பேட்டைக்காரி, அவளும் ஒப்பந்தம்தான். "டீம் லீடு ராம்குமார் சார்கிட்ட கேளேன்க்கா."

"நேத்தே கேட்டாச்சு. பெர்மனென்ட் ஆளுங்க முடிக்கட்டும்னுட்டாரு."

நிஷா செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தாள். டேட்டாபேஸ் இருக்கும் முகவரி ஒரு வரி. சென்சார் செய்திகளை வாங்கிக் கைமாற்றும் சர்வரின் முகவரி இன்னொரு வரி. இரண்டையும் அழித்தாள்.

"ஐயோ, அழிச்சிட்டியேக்கா!"

"அட்ரஸ் இல்லன்னா புரோகிராமே நம்ம மெஷின்ல டெம்பரரியா எழுப்பிக்கும். கன்டெய்னர்னு தனித்தனி பொட்டி மாதிரி, டேட்டாபேஸுக்கு ஒண்ணு, மெசேஜுக்கு ஒண்ணு. நிறுத்துனா அதுங்களும் போயிடும். யார் கால்லயும் வுழ வேணாம்."

எழுப்பியது. அடுத்த நிமிஷம் லேப்டாப் உறைந்து நின்றது. நிரந்தர ஊழியர் ஒருவர் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த மெஷின் அது. விசிறி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு கன்டெய்னருக்கும் இவ்வளவுதான் நினைவகம் என்று கட்டுப்பாடு வைத்து, செய்திகளைக் கைமாற்ற எடை குறைந்த மென்பொருள் ஒன்றை வைத்து, மறுபடி மறுபடி ஓட்டினாள். புதன்கிழமை மதியம் நாற்பதே விநாடியில் எல்லாம் எழுந்து நின்றது.

இரண்டாயிரம் நீர்மட்ட அளவுகளை ஒரே நேரத்தில் அனுப்பிப் பார்த்தாள். ஒன்று டேட்டாபேஸில் பதிவாகும்வரை மற்றவை பின்னால் தேங்கின.

"பால் பொங்கற வரைக்கும் டீ மாஸ்டர் சும்மாவா நிக்கிறாரு? அதுக்குள்ள நாலு கிளாஸ் ஆத்திட மாட்டாரு?" என்று தஹ்சீனிடம் சொல்லியபடி, புரோகிராம் சும்மா காத்திருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மாற்றி எழுதினாள். வியாழக்கிழமை இரண்டாயிரமும் தேங்காமல் ஓடின. தஹ்சீன் மேஜையைத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை மீட்டிங் அறையில் மேஜையைச் சுற்றி ஒன்பது பேர். ராம்குமார் டெஸ்ட் சர்வரைத் திறந்தார், திறக்கவில்லை. காலையில் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். ஏசியிலும் அவருக்கு வியர்த்தது.

கதவோரம் நின்ற நிஷா, "சார், என் லேப்டாப்ல ஓடும்," என்றாள்.

புரொஜெக்டர் வயரைச் செருகி ஒரே ஒரு வரி அடித்தாள். நாற்பது விநாடி லேப்டாப்பின் விசிறி கத்தியது. பிறகு திரையில் நீர்மட்டங்கள் ஓடத் தொடங்கின. நிஷா ஒரு கால்வாயின் அளவை ஏற்றினாள். மேஜையின் மறுமுனையில் ஒரு போன் அலறியது.

"எங்க தெரு கால்வா!" சங்கத்துச் செயலாளர் பேச்சியம்மாள் போனைத் தூக்கிக் காட்டினார். "போன மழையில ஃப்ரிட்ஜ் மெதந்தப்பதான் எங்களுக்குத் தண்ணி வந்ததே தெரிஞ்சுது."

எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் அடங்கும்வரை திரையை விட்டு நிஷா கண்ணை எடுக்கவில்லை.

"எங்க டீமோட டிசைன் மேடம்," என்றார் ராம்குமார். நிஷாவின் பக்கம் குனிந்து, "உங்க ஆறு பேருக்கும் இன்னும் மூணு மாசம் வாங்கிடறேன்," என்றார்.

குரூப் போட்டோவுக்கு எல்லோரும் திரைக்கு முன்னால் வந்து நின்றார்கள். நிஷாவும் ஓரமாகப் போய் நின்றாள். ராம்குமார் தன் போனை அவள் பக்கம் நீட்டினார்.

"நிஷா, நீ எடும்மா."

அவள் வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். ஒன்பது பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் நிஷா. "ஸ்க்ரீன் மறையுது."